குற்றம் கேளாத அன்னை: எலிசபெத் ஃபிறை அம்மையார்

இலண்டன் மாநகரின் கிழக்கே, ஈஸ்ற்ஹாம் பகுதியில், பிளாஷெற் என்னும் பெயர் தாங்கிய வீதிகளும் பூங்காவொன்றும் உள்ளன. எம்மவர் கடைகள் நிறைந்த ஹை ஸ்றீற் நோர்த் வீதியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அவற்றை அடைந்துவிடலாம். மரக்கறியும் மீனும் வாங்குவதற்கு அவ்வழியே போய்வரும் பெற்றோர் எம்மிற் பலர். இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே வீதிகளும் இல்லை, கடைகளும் இல்லை. வயல்களுக்கும் மரங்களுக்கும் நடுவே பிளாஷெற் இல்லம் என்றொரு பெரிய வீடு இருந்தது. அவ்வீடு இன்று இல்லை. அதில் 1809ஆம் ஆண்டு முதல் 1829ஆம் ஆண்டு வரை வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றையே இம்மலரிற் கூற முற்படுகிறோம். அவர் பெயர் எலிசபெத் ஃபிறை.

அவரது முகத்தைப் பெற்றோர்கள் நன்கு அறிவார்கள். 2002ஆம் ஆண்டிலிருந்து 2017ஆம் ஆண்டு வரை எமது கைகளிற் புழங்கிய ஐந்து பவுண் தாளின் பின்புறத்தில், வெள்ளைத் தொப்பியணிந்து அமைதியாக நோக்கிய பெண்மணி அவரே. அத்தாளை எண்ணியெண்ணி வாடகையும் வட்டியும் கட்டியவர்கள் நாம். அம்முகம் யாருடையது என்று கேட்டிருப்போர் சிலரே.

எலிசபெத் 1780ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், இங்கிலாந்தின் கிழக்கேயுள்ள நோரிச் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜோன் கேணி கம்பளி வாணிபமும் வங்கித் தொழிலும் நடத்திய செல்வர். குடும்பம் பெரியது, பிள்ளைகள் நிறைந்தது. அவ்வீட்டில் எலிசபெத்தை மந்தமான பிள்ளை, பிடிவாதக்காரி என்றே எல்லோரும் கருதினர். இருளைக் கண்டு அஞ்சினார். கடலைக் கண்டு அஞ்சினார். எழுத்துக்கூட்டி எழுதுவது அவருக்கு இறுதிவரை கைவரவேயில்லை. பிற்காலத்தில் மன்னர்களும் அமைச்சர்களும் ஆவலோடு எதிர்பார்த்த அவருடைய கடிதங்களில் எழுத்துப் பிழைகள் மலிந்து கிடந்தன. சொல்வதெழுதுதலிற் குறைந்த புள்ளி பெற்று முகம் வாடும் எமது மாணவச் செல்வங்கள் இதனைச் சிறிது கவனிப்பார்களாக.

அன்னையார் 1792இல் மறைந்தபோது எலிசபெத்துக்கு வயது பன்னிரண்டு. கேணி குடும்பத்தினர் குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். நண்பர் சபை என்பது அதன் முறையான பெயர். இச்சபையின் வழிபாட்டில் பூசகர் இல்லை, பலிபீடம் இல்லை, பாடலும் இல்லை. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பர். இறைவன் உணர்த்துவதாக உள்ளத்திற் படும்போது ஆணோ பெண்ணோ எழுந்து பேசலாம். ஒவ்வொரு மனித உள்ளத்திலும் இறைவனின் ஒளி சிறிதளவேனும் உண்டு என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. இந்த நம்பிக்கையை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இனிச் சொல்லப்போகும் யாவற்றுக்கும் வேர் இதுவே.

நண்பர் சபையினர் பகட்டில்லாத உடை உடுத்துபவர்கள். ஆயினும் கேணி வீட்டுப் பெண்கள் வண்ண ஆடைகளையும் நடனத்தையும் விரும்பினர். 1798ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்னும் போதகர் நோரிச்சில் உரையாற்றினார். சிவப்பு நாடா கட்டிய ஊதா நிறச் சப்பாத்துகளை அணிந்துகொண்டு கூட்டத்துக்குச் சென்றிருந்த பதினேழு வயது எலிசபெத், கண்ணீரோடு வீடு திரும்பினார். அதன் பின்னர் அவர் படிப்படியாக எளிய உடைக்கு மாறினார். தம் வீட்டிலேயே ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தறிவித்தார். ஒருவரோடு தொடங்கிய அவ்வகுப்பு எழுபது பிள்ளைகளுக்கு மேல் வளர்ந்தது.

1800இல் தேயிலை வணிகமும் வங்கியும் நடத்திய ஜோசப் ஃபிறை என்பவரை மணந்து இலண்டனுக்கு வந்தார். ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு பிள்ளைகள் பிறந்தனர். பிளாஷெற் இல்லத்துக்குக் குடிவந்த பின், அயலில் வறுமையில் வாடிய அயர்லாந்துக் குடும்பங்களின் குடிசைகளுக்குச் சென்றுவந்தார். ஆண்டுதோறும் திருவிழாவுக்குப் போகும் வழியில் பிளாஷெற் அருகே கூடாரமிடும் நாடோடி மக்களையும் அவர் தேடிச் சென்றார். ஊர்மக்கள் இவ்விரு சாராரையும் கள்வர் என்றும் குடிகாரர் என்றும் ஒதுக்கியிருந்தார்கள். அம்மையார் உடுபுடைவையும் மருந்தும் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்திவிட்டார். ஆங்கிலேயர் அயர்லாந்தவரை எவ்வாறு நோக்கினர் என்பதை, புதிதாக வந்திறங்கிய நாட்களில் தாம் நோக்கப்பட்ட விதத்தை மறவாத எம் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி நியூகேற் சிறைச்சாலைக்கு வருவோம்.

1813ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஸ்ரீபன் கிறெலே என்னும் போதகர் இச்சிறையைப் பார்வையிட்டார். பிரெஞ்சுப் பிரபு குடும்பத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர் அவர். பெண்கள் பகுதிக்குட் செல்ல வேண்டாம், உடைகளைக் கிழித்துவிடுவார்கள் என்று காவலர் தடுத்தனர். அதையும் மீறிச் சென்றவர், போர்வையற்ற தரையிற் கிடந்த நோயாளிகளையும், அங்கேயே பிறந்து ஆடையின்றி நடுங்கிய குழந்தைகளையும் கண்டார். அங்கிருந்து நேராக எலிசபெத்திடம் போய்த் தாம் கண்டதைக் கூறினார். எலிசபெத் அன்றே பெண்களைத் திரட்டி, துணி வெட்டிக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைப்பித்து, அன்னா பக்ஸ்ரன் என்னும் தோழியோடு நியூகேற் வாயிலை அடைந்தார்.

சிறை அதிகாரி அவ்விருவரையும் எச்சரித்தார். மணிக்கூடுகளைத் தம்மிடம் விட்டுச் செல்லுமாறு அறிவுரை கூறினார். அவர் அவ்வாறு கூறியதில் வியப்பில்லை. சுமார் முந்நூறு பெண்கள், தம் பிள்ளைகளோடு, நாலே நாலு அறைகளுள் அடைபட்டிருந்தனர். அப்பம் திருடியவளும் கொலை செய்தவளும், தீர்ப்புப் பெற்றவளும் இன்னும் விசாரிக்கப்படாதவளும் ஒரே இடத்தில் இருந்தனர். சமையல், குளிப்பு, உறக்கம் யாவும் அங்கேயே. பார்வையாளர் வந்தால் நீண்ட தடியின் நுனியில் மரக்கரண்டியைக் கட்டிக் கம்பிகளூடாக நீட்டிக் காசு கேட்பார்கள்; கிடைத்த காசுக்குச் சிறைக்குள்ளேயே மது வாங்கிக் குடித்துச் சண்டையிடுவார்கள். ஆண் காவலரே உள்ளே நுழைய அஞ்சினர். அங்கேதான் அம்மையார் உடுப்புகளையும் வைக்கோலையும் கொண்டுபோய்க் கொடுத்தார். முழந்தாளிட்டு அவர்களோடு சேர்ந்து மன்றாடினார்.

ஆயினும், அதன் பின்னர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் நியூகேற் பக்கம் போகவில்லை. மேலும் பிள்ளைகள் பிறந்தனர். கணவரின் தொழில் தளர்ந்தது. 1815இல் நான்கு வயதான மகள் பெற்சி நோயுற்று இறந்தாள். பெரியோர் வரலாறுகளை எழுதுவோர் இவ்வாறான இடைவெளிகளை மறைத்துவிடுவதுண்டு. எமக்கோ இந்த நான்கு ஆண்டுகள் முக்கியமானவையாகத் தோன்றுகின்றன. முதல் தடவை சென்றவர் உடுப்பு வழங்கிய செல்வச் சீமாட்டி. 1816ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தையொட்டி மீண்டும் சென்றவர், பிள்ளையைப் புதைத்த ஒரு தாய்.

இம்முறை தம்மைத் தனியே அப்பெண்களோடு விட்டுவிடும்படி காவலரைக் கேட்டுக்கொண்டார். உள்ளே சென்றவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. குற்றங்களைப் பற்றிப் பேசவுமில்லை. ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, இப்பிள்ளைகளுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்ற பொருளில் அத்தாய்மாரிடமே ஆலோசனை கேட்டார். அடுத்த முறை அவர் வந்தபோது, பள்ளிக்கூடம் ஒன்று வேண்டும் என்று கூறிய அப்பெண்கள், ஆசிரியையையும் தமக்குள்ளிருந்தே தெரிவு செய்து வைத்திருந்தனர். மேரி கொனர் என்பது அவ்விளம்பெண்ணின் பெயர். அவள் சிறைக்கு வந்தது எதற்காகத் தெரியுமா? மணிக்கூடு திருடியதற்காக. மணிக்கூட்டை வெளியே விட்டுச் செல்லுமாறு எச்சரிக்கப்பட்ட அம்மையார், அந்தத் தெரிவை மனமார ஏற்றுக்கொண்டார்.

சிறை அதிகாரிகள் இது நடவாத காரியம் என்று எண்ணினர். இடமில்லை என்றும் கூறிப் பார்த்தனர். பெண்கள் பகுதியில் வெறுமையாகக் கிடந்த சிற்றறையொன்று கிடைத்தது. மறுநாளே பள்ளி தொடங்கிற்று. சிறுபிள்ளைகளுக்கென்று தொடங்கிய அவ்வறையின் வாயிலில், தமக்கும் எழுத்தறிவிக்க வேண்டுமென்று இளம் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேரி கொனர் தன் பணியைக் குறைவின்றிச் செய்தாள். பின்னர் மன்னிப்பு அளிக்கப்பட்டும், சயரோகம் அவளை விரைவிற் கொண்டுபோயிற்று.

பிள்ளைகளுக்குப் பின் தாய்மாரின் முறை. வேலையின்மையே சண்டைக்கும் சூதுக்கும் காரணம் என்று கண்ட அம்மையார், 1817ஆம் ஆண்டு ஏப்ரலில் பன்னிரண்டு பெண்களைக் கொண்ட சங்கம் ஒன்றை அமைத்தார். சிறைப்பெண்களுக்குத் தையலும் பின்னலும் கற்பிப்பது, அவர்கள் செய்த பொருட்களை விற்றுக் கூலி கொடுப்பது, ஒரு பெண் மேற்பார்வையாளரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவது ஆகியன அதன் நோக்கங்கள். விதிகளும் வகுக்கப்பட்டன. பிச்சை கேட்டல், சூதாடல், சீட்டாடல், தூஷணம் பேசல் கூடாது. விதிகள் கடுமையானவைதாம். ஆனால் அவை ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சிறைப்பெண்களே கையுயர்த்தி ஒப்புதல் அளித்தனர். தேர்தலில் வாக்களிக்க இங்கிலாந்தின் எந்தப் பெண்ணுக்கும் உரிமை இல்லாத காலத்தில், நியூகேற் சிறையிலிருந்த திருடிகளிடமும் குடிகாரிகளிடமும் சம்மதம் கேட்கப்பட்டது.

சில வாரங்களில் நகர முதல்வரும் அதிகாரிகளும் வந்து பார்த்தனர். கூச்சலும் அடிதடியும் இருந்த இடத்திற் பெண்கள் வரிசையாக அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தனர். அம்மையாரின் ஏற்பாட்டைச் சிறையின் நடைமுறையாக ஏற்ற நகர நிர்வாகம், மேற்பார்வையாளரின் சம்பளத்தில் ஒரு பகுதியையும் கொடுக்க இசைந்தது. 1818 பெப்ரவரியில் அம்மையார் பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றிச் சிறைகளின் நிலைபற்றிச் சாட்சியம் அளித்தார். பெண் கைதிகளைப் பெண்களே மேற்பார்வை செய்ய வேண்டும் என்ற கோட்பாடு 1823ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

ஒரு கைதியைச் சுட்டி, இவள் செய்த குற்றம் யாது என்று பார்வையாளர் ஒருவர் அம்மையாரிடம் வினவியதாகவும், அக்கேள்வியைத் தாம் ஒருபோதும் கேட்பதில்லை, குறையில்லாதவர் எவருமில்லையே என்று அவர் மறுமொழி கூறியதாகவும் சொல்வர். இது வெறும் நல்லியல்பு அன்று. அவர் நாள்தோறும் வாசித்த நற்செய்தி நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. தவறிழைத்தாள் என்று ஒரு பெண்ணைப் பிடித்து வந்து இயேசுபிரானின் முன்னே நிறுத்துகின்றனர் ஊர்ப் பெரியோர். சட்டப்படி கல்லெறிந்து கொல்லவேண்டும். அவருடைய கருத்து என்ன என்று கேட்கின்றனர். அவர் குனிந்து நிலத்தில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார். தம்மிற் பாவமில்லாதவர் எவரோ அவர் தொடங்கட்டும் என்ற பொருள்பட ஒரு சொல் சொல்கிறார். முதியோரிலிருந்து ஒவ்வொருவராக அவ்விடம் விட்டு அகல்கின்றனர். எஞ்சி நின்ற ஒருவர், தீர்ப்பளிக்கும் தகுதியுள்ள அந்த ஒருவர், அவளைத் தண்டிக்காது, பழைய வழிக்குத் திரும்பாதே என்று கூறி அனுப்பிவிடுகிறார். நிகழ்ச்சியின் இப்பிற்பகுதியையும் அம்மையார் மறக்கவில்லை. குற்றம் குற்றமல்ல என்று அவர் எங்கும் வாதிடவில்லை. குற்றவாளி அக்குற்றத்தோடு முடிந்துபோனவர் அல்லர் என்பதே அவர் கண்டது.

எமது பள்ளியிற் சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒன்றாகவே படிக்கின்றனர். இந்நிகழ்ச்சி எச்சமயத்தவருக்கும் விளங்கக்கூடியதே. எம்மிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. யாரோ ஒருவருடைய மகன் கூடாத சேர்க்கையால் மறியலுக்குப் போய்விட்டான் என்ற செய்தி ஒரு மாலைக்குள் தொலைபேசியிற் பரவிவிடுகிறது. பின்பு கலியாண வீட்டிலும் பிறந்தநாள் விழாவிலும் அத்தாய் தனியே ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறாள். ஈற்றில் அவள் எங்குமே வருவதில்லை. அவளுடைய இளைய பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கு வருவதும் நின்றுவிடுகிறது. அப்பிள்ளை என்ன குற்றம் செய்தது? நியூகேற் சிறைக்குள் முதலிற் குழந்தைகளைக் கண்ட அம்மையாரின் கண், எம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

இரக்கம் எப்போதும் வென்றுவிடும் என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. 1818ஆம் ஆண்டிலேயே அம்மையார் பெருந்தோல்வி ஒன்றைச் சந்தித்தார்.

அக்காலத்தில் இங்கிலாந்து வங்கி சிறிய பெறுமதியுள்ள தாள்களை வெளியிட்டிருந்தது. அவற்றைப் போன்ற கள்ளத் தாள்களை அச்சிடுவது எளிதாயிருந்தது. கள்ளத் தாளைக் கைமாற்றுபவர்க்கும் தூக்குத் தண்டனை என்பது சட்டம். எழுத வாசிக்கத் தெரியாத ஏழைகள் பலர் இச்சட்டத்திற் சிக்கி மாண்டனர். ஹரியற் ஸ்கெல்ரன் என்னும் பெண்ணும் அவர்களுள் ஒருத்தி. தான் அன்புகொண்டிருந்த ஆடவனின் சொற்கேட்டுக் கள்ளத் தாள்களை மாற்றியவள் அவள். நியூகேற்றில் அவளது நன்னடத்தையைக் கண்டு அம்மையார் அவள்மீது மிகுந்த அன்பு கொண்டார். அவளுடைய உயிருக்காக உள்நாட்டு அமைச்சரான சிட்மத் பிரபுவிடம் முறையிட்டார். அரச குடும்பத்தவரான குளொஸ்ரர் கோமகனையும் அழைத்துவந்து சிறையைக் காட்டி, அவர் மூலமும் மன்றாடினார். வங்கியின் இயக்குநர்களிடமும் விண்ணப்பம் போயிற்று. ஒன்றும் பயன்படவில்லை. ஏப்ரல் மாதம் ஹரியற் தூக்கிலிடப்பட்டாள். அமைச்சரோ அம்மையார்மீது கடுஞ்சினம் கொண்டார். கைதிகளின் உள்ளத்திலிருக்கும் தண்டனைப் பயத்தை இப்பெண்மணி போக்கிவிடுகிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

கள்ளத் தாளுக்காகத் தூக்கிலிடும் தண்டனை 1830களில் ஒழிந்தது. அந்த வங்கியே 2002ஆம் ஆண்டில் எலிசபெத் ஃபிறையின் உருவத்தைத் தன் ஐந்து பவுண் தாளிற் பொறித்தது. அதில் அவர் நியூகேற் கைதிகளுக்கு வேதநூலை வாசித்துக்காட்டும் காட்சியும் இருந்தது. ஹரியற்றின் பெயர் எத்தாளிலும் இல்லை.

அந்நாளிற் பெண் கைதிகள் பலர் அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கப்பலுக்கு அழைத்துச் செல்லப்படுவதற்கு முந்திய இரவு, அவர்கள் வெறிகொண்டு சிறையில் அகப்பட்டதையெல்லாம் உடைப்பது வழக்கம். காலையில் விலங்கிட்டுத் திறந்த வண்டிகளில் ஏற்றுவார்கள். வழிநெடுகச் சனங்கள் கூடி நின்று வசைபாடிச் சேற்றை வீசுவார்கள். 1818இல் மரியா என்னும் கப்பலுக்குப் பெண்கள் போகவிருந்தபோது, மூடிய வண்டிகளில் அனுப்புங்கள், நானும் அவர்களோடு செல்கிறேன் என்று அம்மையார் சிறை அதிகாரியை இணங்கவைத்தார். அன்றிரவு எதுவும் உடைக்கப்படவில்லை. மறுநாள் வண்டிகள் வரிசையாகச் செல்ல, அவற்றின் பின்னே அம்மையாரின் வண்டியும் துறைமுகம்வரை போயிற்று. கப்பல் புறப்படும் நாள்வரை மீண்டும் மீண்டும் போய், தளத்திற் பள்ளிக்கும் தையலுக்கும் ஒழுங்கு செய்தார். அதன் பின்னர் கால் நூற்றாண்டுக் காலம், அவரும் அவர் சங்கத்தினரும் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களைச் சென்று பார்த்தனர். சுமார் பன்னீராயிரம் பெண்களை வழியனுப்பினர்.

ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு பை கொடுக்கப்படும். ஊசி, நூல், கத்தரிக்கோல், வேதநூல், கூடவே பல வண்ணத் துணித்துண்டுகள் அதனுள் இருக்கும். மாதக்கணக்கான பயணத்தில் அத்துண்டுகளைப் பொருத்தித் தைத்துப் போர்வையாக்கலாம். கரை சேர்ந்ததும் அதை விற்றால் கையிற் சிறிது காசு இருக்கும். பிறந்த நாட்டை விட்டு ஒரு பையோடு போகும் பெண்ணுக்கு என்னென்ன வேண்டும் என்று இருந்து யோசித்தவரின் ஏற்பாடு இது. 1841இல் ராஜா என்ற கப்பலிற் சென்ற பெண்கள் தைத்த போர்வையொன்று இன்றும் இருக்கிறது. 2,815 துண்டுகளால் ஆன அப்போர்வையின் ஓரத்தில், தமக்கு உதவிய மாதர் சங்கத்துக்கு நன்றி கூறும் வாசகத்தையும் அவர்கள் நூலால் எழுதியிருக்கின்றனர். அது கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திற் பேணப்படுகிறது.

புகழ் பெருகப் பெருகக் குறை கூறுவோரும் பெருகினர். சிட்னி சிமித் என்னும் புகழ்பெற்ற மதகுரு அம்மையாரிடம் மதிப்புள்ளவரே. எனினும் சிறை துன்பம் தரும் இடமாகவே இருக்கவேண்டும், தையலும் கூலியும் அங்கே எதற்கு என்று எழுதினார். வேறு சிலர், பதினொரு பிள்ளைகளைப் பெற்றவள் வீட்டில் இராமல் ஊர் சுற்றுகிறாள் என்றனர். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு அம்மையாரை மிகவும் வருத்தியது. தம் நாட்குறிப்பில் அதைப்பற்றிப் பலமுறை கலங்கியிருக்கிறார். அதில் உண்மை சிறிதும் இல்லை என்று நாமும் கூறமாட்டோம். சில பிள்ளைகள் நெடுங்காலம் உறவினர் வீடுகளிலேயே வளர்ந்தனர். மற்றொன்றும் எமக்கு உவப்பானதாக இல்லை. நியூகேற்றில் அம்மையார் வேதநூல் வாசிக்கும் நாட்களிற் சீமான்களும் சீமாட்டிகளும் அனுமதிச் சீட்டோடு வந்து அமர்ந்து, கைதிகளைக் காட்சிப் பொருள்போலப் பார்த்துச் சென்றனர். சங்கத்துக்கு ஆதரவு தேடுவதற்காக அம்மையார் இதனை அனுமதித்தார் போலும். ஆயினும் அப்பெண்கள் அதனை எவ்வாறு உணர்ந்திருப்பர் என்று கேளாமல் இருக்க முடியவில்லை.

1828ஆம் ஆண்டு நவம்பரிற் பேரிடி விழுந்தது. ஜோசப் ஃபிறையின் வங்கி முறிந்தது. அதை நம்பிப் பணம் வைத்திருந்தோர் பலர் நட்டமடைந்தனர். நண்பர் சபையினரிடையே கடனைக் கொடுத்துத் தீர்க்காதிருப்பது பெரும் பாவம். சபை விசாரணை நடத்தி ஜோசப்பைத் தன் உறுப்புரிமையிலிருந்து விலக்கியது. அதுவரை தெருவிற் கண்டு வணங்கியோர் இப்போது வேறுவிதமாகப் பேசினர். அம்மையாரின் தான தருமங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதானே தெரிகிறது என்றனர். பிளாஷெற் இல்லம் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் 1829இல் சகோதரர்களின் உதவியோடு அப்ரன் லேனில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

வங்கி முறிந்த பின் வந்த வழிபாட்டு நாளிற் போவதா, வேண்டாமா என்று குடும்பத்தில் ஆலோசனை நடந்தது. அம்மையார் போனார். கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, வழக்கமாக அமரும் இடத்திலேயே போய் அமர்ந்தார். மௌனத்தின் நடுவே எழுந்து, அழுகையினூடே, துன்பத்திலும் இறைவனைப் பற்றியிருப்பதைக் குறித்துப் பேசினார். கேட்டோரும் அழுதனர் என்று பதிவு உண்டு. சபை கணவரை விலக்கிய பின்னும் அவர் சபையையும் விடவில்லை, கணவரையும் விடவில்லை. பல காலம் கைதிகளின் அருகே அமர்ந்திருந்தவர், ஊராரின் தீர்ப்பு ஒரு குடும்பத்தின்மீது விழும்போது எப்படியிருக்கும் என்பதை இப்போது உள்ளிருந்து அறிந்தார். சில காலம் வெளியே முகங்காட்டக் கூசியிருந்தார். பின்னர் நியூகேற்றுக்குத் திரும்பினார். அவரை அங்கே எவரும் வங்கிக் கணக்குக் கேட்கவில்லை.

அதன் பின்னுள்ள ஆண்டுகளை விரைந்து கூறலாம். பிரான்சு, பிரசியா முதலிய நாடுகளின் சிறைகளைச் சென்று பார்த்தார். கைதிகளை இருட்டறையிலும் தனிமையிலும் அடைக்கும் முறையை எதிர்த்தார். 1840இல் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று நோயாளரைப் பராமரிக்கும் தாதியருக்கெனப் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடக்கினார். 1842இல் பிரசிய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் இலண்டனுக்கு வந்தபோது, அம்மையாரோடு நியூகேற் சென்று கைதிகளோடு அமர்ந்து வழிபட்டார். பின்னர் அந்த அப்ரன் லேன் வீட்டுக்கே வந்து உணவருந்தினார்.

1845ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆம் நாள், ராம்ஸ்கேற் என்னும் கடற்கரை ஊரில் எலிசபெத் ஃபிறை அம்மையார் காலமானார். அவருக்கு வயது அறுபத்தைந்து. நியூகேற் சிறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் எழுந்ததுதான் ஓல்ட் பெய்லி எனப்படும் பெரிய குற்றவியல் நீதிமன்றம். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நடமாடும் அதன் மண்டபத்தில் அம்மையாரின் பளிங்குச் சிலை நிற்கிறது.

அவரது உடல், ஈஸ்ற்ஹாமுக்கு அடுத்துள்ள பார்க்கிங் நகரில் நண்பர் சபையின் மயானத்தில், சிறுவயதில் இறந்த மகள் பெற்சியின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். சபையின் மரபுப்படி ஆடம்பரமான கிரியைகள் இல்லை. பெருந்திரள் நெடுநேரம் மௌனமாக நின்றது. மயானத்தின் எதிரே இருந்த நண்பர் சபையின் வழிபாட்டு மண்டபம் இப்போது சீக்கியர்களின் குருத்துவாராவாக விளங்குகிறது. அங்கே வருவோர் எவராயினும், எங்கிருந்து வந்தவர், யார் என்ற விசாரணையின்றி, தரையில் வரிசையாக அமர்த்தி உணவு பரிமாறுகிறார்கள்.